நடுவானில் ‘விடுங்க’ என்றார் மாப்பிள்ளை

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. மலாக்காவில் காஜா பேராங்கில் குடியிருந்தோம். நான் லோரி விட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பேச்சில் லோரியை ‘விடுவது’தான், ‘ஓட்டுவது’ கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே தங்கை குடும்பம். அவள் வீட்டுக்காரர் விமான மெக்கானிக். பிளேன் விட லைசென்சும் எடுத்திருந்தார். மனுஷன் சும்மா இருந்தாரா? கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, பலகையும் துணியும் கம்பியுமாக, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு றெக்கை வைத்த குட்டி பிளேன் ஒன்றைத் தானே கட்டிவிட்டார். வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற ரகமாம்!

தங்கை அப்போது மாசமாக இருந்தாள். எனக்குத் தூக்கமே போய்விட்டது. தினமும் போய்க் கம்பியை இழுத்துப் பார்ப்பேன், துணியைத் தட்டிப் பார்ப்பேன். “அண்ணே, கொஞ்சம் சும்மா இருக்கியா?” என்று தங்கை எரிந்து விழுவாள். எப்படி இருப்பது? கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டேன்.

“என்னை ஏத்திக் காட்டுங்க மாப்ள. சரியில்லன்னா றெக்கையக் கிழிச்சுக் கொளுத்திருவேன்.”

உள்ளுக்குள் தங்கைக்கும் பயம்தான். “அண்ணன் சொல்றதுதான் முடிவு” என்றுவிட்டாள். மாப்பிள்ளையின் முகம் வாடிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலிலிருந்து கிளம்பினோம். முன் இருக்கையில் நான், பின்னால் அவர். என் முழங்கால்களுக்கு நடுவிலும் ஒரு கட்டுப்பாட்டுக் குச்சி இருந்தது. “அதத் தொட்றாதீங்க மச்சான்” என்றார். மேலே போனதும் ஸ்டால் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த ஸ்டால், மேட்டில் லோரி எஞ்சின் நின்றுபோவது. இது வேறாம். எஞ்சின் ஓடும், மூக்கு ரொம்ப நிமிர்ந்து வேகம் குறைந்தால் றெக்கைக்குக் காற்றின் பிடி விட்டுப்போகுமாம். புரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன்.

நல்ல உயரத்தில் எஞ்சினைத் தணித்து மூக்கைத் தூக்கினார். கம்பிகளின் சீழ்க்கை அடங்கியது. பிளேன் காய்ச்சல் கண்டவன் மாதிரி உதறியது. அடுத்த நொடி இடது றெக்கை தொபுக்கென்று சரிந்தது. ஐயோ அம்மா! குச்சியைப் பாய்ந்து பிடித்து வயிற்றோடு சேர்த்து இழுத்துக்கொண்டேன்.

“விடுங்க மச்சான், விடுங்க!” என்று அலறினார்.

அடக் கடவுளே, இவருக்கு என்னமோ ஆகிவிட்டது, என்னையே பிளேனை விடச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூக்கு கீழே போனால் மேலே இழுக்கத்தானே வேண்டும்? இன்னும் இறுக்கினேன். பிளேன் சுழல ஆரம்பித்தது. வயல், கடல், வயல், கடல்.

“விடுங்க! விடுங்க!”

“விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்!” என்று நானும் கத்தினேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை தொண்டை கிழிய, “லெப்பாஸ்! லெப்பாஸ்!” என்றார்.

லோரியில் சாமான் இறக்கும்போது மலாய்க்காரத் தோழர்கள் ‘லெப்பாஸ்’ என்றால் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். யோசித்தால் விரல் போய்விடும். யோசிக்காமலே என் கை குச்சியைவிட்டு வந்துவிட்டது. அவர் குச்சியை முன்னால் தள்ளி, எதிர்ப்பக்க மிதியை அழுத்தினார். சுழற்சி நின்றது. கம்பிகள் மறுபடி சீழ்க்கையடித்தன.

இறங்கினோம். தங்கை ஓடி வந்து, “என்னாண்ணே, கொளுத்திரலாமா?” என்றாள். மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ‘ம்’ என்றிருந்தால் போதும்.

“பிளேன் மேல குத்தமில்லம்மா. உதறி உதறி முன்னாலயே சொல்லுச்சு. கைய எடுத்ததும் நேரா நின்னுச்சு. நான்தான் புடிச்சத விடல.”

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். “கல்யாணம் ஆனதுலேர்ந்து இதத்தாண்ணே நான் ஒங்கிட்ட சொல்றேன்.”

அவள் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். இன்றைக்கும் அந்த வீட்டு விஷயத்தில் தலையிட என் கை பரபரக்கும்போதெல்லாம் காதில் ‘லெப்பாஸ்’ என்று கேட்கிறது, பாதி நேரமாவது கை கேட்டுக்கொள்கிறது.