பேஸ்மென்றில் ஒரு நோயாளி

போன மாதம் எங்கள் வீட்டுக் கஞ்சாச் செடிக்குச் சுகமில்லாமல் போய்விட்டது.

பத்திரிகையை மூடிவிடாதீர்கள்! நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்நாட்டில் வீட்டுக்கு நாலு செடி வரை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. எனக்குத் தோள்மூட்டு வலி. அதன் எண்ணெயைப் பூசினால்தான் இரவில் கண்ணை மூட முடிகிறது. கடையில் வாங்குவதை விட நாமே வளர்த்தால் என்ன என்று ஓர் ஆசை.

மனைவி முதலில் சாமியறைக் கதவைச் சாத்தினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"சட்டம் நாலு எண்டும். என்ர வீட்டில ஒண்டுதான். அதுவும் கீழ பேஸ்மென்றில, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில. உது பட்டுப்போச்செண்டால் பிறகு இந்தக் கதையே எடுக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

ஆக, என் நித்திரை முழுவதும் அந்த ஒரு பூச்சாடியில்!

குளிருக்குப் பயந்து உள்ளே வந்த கறிவேப்பிலையும் கஞ்சாச் செடிக்கென்று மாட்டிய லைற்றின் கீழ்தான் நின்றது. அது தளதளவென்று இருக்க, இது தலையைத் தொங்கப் போட்டது. அடி இலைகள் மஞ்சளாகின. எனக்கு என்ன தோன்றும்? பசி! போத்தல் உரத்தைக் கரைத்து ஊற்றினேன். இலை நுனிகள் கருகின. போதவில்லை போலும் என்று இன்னும் கொஞ்சம்...

கடைசியில் பயந்துபோய் நண்பன் குகனுக்கு வீடியோ கோல் எடுத்தேன். ஸ்ரௌவ்வில் என்ற ஊரில், அவன் வீட்டில் நாலு செடிகளும் காடாக நிற்கின்றன.

"மச்சான், நுனி கருகிறது பசியில்லை. உரம் கூடிப்போச்சு. அது கிடக்கட்டும், சாடியைத் தூக்கிப் பாத்தனியே?"

"ஏன் தூக்க வேணும்?"

"தண்ணி இல்லாட்டியும் இலை தொங்கும், கூடினாலும் தொங்கும். காய்ஞ்ச சாடி எண்டால் இலேசா வரும். தூக்கு முதல்."

தூக்கினேன். சுகமாக இருந்த மற்றத் தோளும் முறைப்பாடு செய்தது — அவ்வளவு பாரம்! விரலை விட்டால் சேறு. நான் ஊற்றியதற்கு இவ்வளவு ஈரம் வரவே வராதே என்று அவனிடம் சொன்னேன்.

"வேர் மூச்சு விடேலாமல் கிடக்குது. அதாலதான் மஞ்சள். ஆரோ களவா ஊத்துகினம், மச்சான்."

ஆரோவா? வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

மறுநாள் மத்தியானம் உடுப்புத் தோய்க்கிற சாட்டில் கீழே நின்றேன். மனைவி சட்டியோடு இறங்கி வந்தார். அரிசி கழுவிய தண்ணீர். பாதி கறிவேப்பிலைக்கு. மீதி...

"நீரோ ஊத்துறனீர்!"

அவர் மீதியையும் ஊற்றி முடித்தார். "கறிவேப்பிலைக்கு ஊத்தேக்க உது பாத்துக்கொண்டெல்லோ நிக்குது. ஒண்டுக்குக் குடுத்திட்டு மற்றதைப் பட்டினி போடுறதோ? பாவமில்லையே?"

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அந்தச் செடியைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்று நிற்பவர் என்று நான் நினைத்திருந்த மனுஷி, சோறு சமைக்கும் நாளெல்லாம் அதற்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறார். மனசு நிறைந்துபோனது.

எங்கள் வீடுகளில் யார் முகம் வாடினாலும் ஒரே வைத்தியம்தான் — இன்னொரு அகப்பை! விருந்தாளி கையால் மறைத்தாலும் விரலிடுக்கால் சோறு விழும். பசிக்கிறதா, நிறைந்துபோய்த் திணறுகிறதா என்று யார் பார்க்கிறோம்?

உரப் போத்தல் அலுமாரிக்குப் போனது. அரிசித் தண்ணீர் கறிவேப்பிலைக்கு மட்டும் என்று ஒப்பந்தம். மண் காயும்வரை இருவரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தோம். அதுதான் பெரிய கஷ்டம். கருகிய நுனி கருகியதுதான்... ஆனால் புது இலைகள் நல்ல பச்சையாக நிமிர்ந்து வந்துவிட்டன.

இப்போது தினமும் சாடியைத் தூக்கிப் பார்ப்பது மனைவிதான். நேற்றும் தூக்கி வைத்துவிட்டு, லைற்றின் கீழ் மிஞ்சியிருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்.

"இஞ்சேருங்கோ... தன்ர ஆக்கள் ஒருத்தரும் இல்லாமல் உது தனிய நிக்குது. சட்டப்படி நாலு வைக்கலாமெண்டுதானே சொன்னனீங்கள்?"