நிலாவின் வலது பக்கம்

பிலோமினா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அவரது ஆட்டுக் கொட்டிலில்தான் நின்றேன். காலை பத்து மணியிருக்கும். நோர்வேயில், லோறென்ஸ்கூக் ஊரைத் தாண்டி, காட்டோரமாக நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்த பழைய கொட்டில் அது. காய்ந்த புல்லைப் போட்டுவிட்டுப் பார்க்கிறேன், எட்டு ஆடுகளில் ஒன்றுகூட வாய் வைக்கவில்லை. எல்லாம் வாசற் படலைப் பக்கம் திரும்பி, காதை நிமிர்த்திக்கொண்டு நின்றன. யாரோ வருகிறார்கள் என்று நானும் திரும்பினேன். வெளியே மூடுபனி மட்டும்தான். அப்போது கைத்தொலைபேசி அடித்தது.

"மாமா, அம்மா போயிட்டா. இப்பதான்," என்றாள் அவரது மகள் ஜெனி, ஆஸ்பத்திரியிலிருந்து.

இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். மன்னாரிலிருந்து வந்தவர், ரொம்சோஸில் எங்களுக்கு மேல்மாடி, வேலை முதியோர் இல்லத்துச் சமையலறையில். அவர் காஷ்மீர் ஆடுகள் வாங்கியபோது கோயில் வாசலில் நாம் எல்லோரும் சிரித்தோம். "நோர்வேக்கு வந்தும் ஆடு மேய்க்கிறியோ அக்கா?" என்று உரக்கக் கேட்டவன் நான். "நீ பஸ் மேய்க்கேல்லையோ?" என்று பஸ் சாரதியான என்னை ஒரே போடாகப் போட்டார். அடுத்த மாதமே என்னையும் பங்காளியாக்கிவிட்டார்.

இந்த ஆடுகளைக் கத்தரிப்பதில்லை, சீவுவதுதான். முரட்டு மேல்மயிருக்கு அடியில், குளிருக்காக வளர்ந்த மெல்லிய மயிர் வசந்தத்தில் தானாகக் கழலும். அதைத்தான் சீப்பில் எடுப்போம். அக்காவின் கட்டுப்பாடு ஒன்று உண்டு. முதலில் இடது பக்கம் மட்டும். வலது பக்கம் ஒரு கிழமை கழித்துத்தான். இந்த நாட்டு வெயிலை நம்பி இரண்டு பக்கமும் உரித்துவிட்டால், மறுநாள் பனி கொட்டினால் ஆடு என்ன செய்யும்? "அது தானாக் குளிரை விடோணும். நீ அவசரப்பட்டா, உன்ரை அவசரத்துக்கு அது நடுங்கும்," என்பார். ஒவ்வொரு ஆட்டின் மயிரையும் அதன் பெயர் எழுதிய காகிதப் பையில் போட்டுவைப்பார். ஜூன் வரை அந்தப் பைகளைத் திறக்கமாட்டார்; பிறகுதான் நூற்றுச் சால்வை பின்னுவார்.

இனிச் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல். அக்காவுக்கு வேலை, நான் தனியே வந்திருந்தேன். வெயில் நன்றாக எறித்தது. அடுத்த கிழமை முழுக்க எனக்கு பஸ் ஓட்டம், வர முடியாது. நிலா என்ற ஆடு சாதுவாக நின்றது. இடது பக்கம் முடிந்ததும் அப்படியே வலது பக்கத்தையும் சீவிவிட்டேன். அன்றிரவே ஈரப்பனி கொட்டியது. மூன்றாம் நாள் நிலா செத்துப்போனது. "வயிறு ஊதிப்போச்சு அக்கா," என்று சொன்னேன். வலது பக்கத்து மயிரை முன்பே மல்லி என்ற ஆட்டின் பைக்குள் திணித்திருந்தேன். இரண்டும் வெள்ளைதான், யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தக் கிழமையே ஆடுகளை அடைக்கும்போது அக்கா ஒரு புதுப் பழக்கம் தொடங்கினார். ஆடுகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் உள்ளே வரும். மல்லிக்குப் பின்னால் வருவது நிலா. இப்போது மல்லி வந்தபின் ஓர் ஆட்டளவு இடம் விட்டுத்தான் அடுத்தது வந்தது. எல்லாம் வந்து முடிந்தபிறகும் அக்கா படலையைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா பாக்கிறியள்?"

"நிலா நிக்குது. வலப்பக்கம் குளிருதாம்."

செத்த ஆட்டை அவர் பார்த்திருக்கவில்லை. அவர் வருமுன்பே நான் புதைத்துவிட்டேன். பைகள் அப்போது கட்டியபடியே கிடந்தன. அவர் படலையைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். நான் பயந்தாங்கொள்ளி. குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடக்கம் முடிந்த மறுகிழமை ஜெனி ஒரு பழைய பையைக் கொண்டுவந்து தந்தாள். "அம்மா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவா." அதில் நிலாவின் பெயர் இருந்தது. உள்ளே இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் 'இடது பக்கம்', மற்றதில் 'வலது பக்கம்', அக்காவின் சாய்ந்த எழுத்தில். மல்லியின் மயிருக்குள்ளிருந்து நிலாவினதை இழை இழையாகப் பிரித்தெடுத்திருக்கிறார். மை வெளிறிப் போயிருந்தது. இத்தனை வருடமும் தெரிந்துகொண்டுதான் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஜூனில் மல்லியின் பையைத் திறந்தபோது அவர் கை தடவியே கண்டுபிடித்திருக்கும், அது சரி. ஆனால் ஏப்ரலில் அவருக்கு யார் சொன்னது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆடுகளை அடைத்தேன். மல்லிக்குப் பின்னால் வழக்கமான இடைவெளி. கடைசி ஆட்டுக்குப் பின்னாலும் இப்போது ஓர் ஆளளவு இடைவெளி இருப்பதுபோல எனக்குப் பட்டது. உள்ளே போன எட்டும் திரும்பி, படலையையே பார்த்துக்கொண்டு நின்றன. நான் படலையைப் பிடித்தபடி, "அக்கா, நான்தான் ரெண்டு பக்கமும் சீவினனான்," என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆடுகள் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பிப் புல்லைத் தின்னத் தொடங்கின.

அக்காவின் சால்வைகள் உங்களில் பலரிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அந்த வலது பக்கத்துப் பொட்டலம். அதை நூற்கமாட்டேன். பின்னேரங்களில் படலையைச் சாத்துமுன், இரண்டு பேர் உள்ளே வர எடுக்கும் நேரம் பொறுத்து நிற்கிறேன்.