ரெண்டு குழி, ரெண்டு கடைவாய்ப்பல்லு

செத்தவங்க பல்லுகிட்ட "சின்ன வயசுல என்ன சாப்ட்டீங்க?"ன்னு கேக்குறதுதான் என் வேலை, என்னை மாதிரி காலேஜ பாதில விட்டுட்டு, பாக்குற வேலைய வீட்ல வெளக்க முடியாம முழிக்கிற மச்சான்களே, இதைப் பொண்ணு வீட்ல எப்படி லா சொல்றது?

மெல்ல

மலேசியாவுல சுங்காய் பக்கம் ஒரு பழைய ரப்பர் எஸ்டேட். வீடு கட்டப் போறாங்க, அதனால அங்க பொதைச்சவங்களை வேற எடத்துக்கு மாத்துறாங்க. பக்கத்து பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க குழி, பேர்ப் பலகைய கரையான் தின்னுடுச்சு. ஒண்ணு லெட்சுமி அக்காவோட அம்மா. அக்காவுக்கு ரெண்டு வயசுலயே போயிட்டாங்க. இன்னொருத்தவங்களுக்குச் சொந்தம்னு யாருமே வரல. எது அம்மான்னு தெரியாம, அக்கா வருஷா வருஷம் ரெண்டு குழிக்கும் எலை போட்டுப் படைச்சிருக்கு. இப்ப புதுக் கல்லுல அம்மா பேரு எழுதணும். எந்தக் குழிக்கு?

அந்த மண்ணுல எலும்பெல்லாம் கரைஞ்சு போச்சு, மிச்சம் பல்லுதான். ஈப்போவுல இருக்குற எங்க லேபுக்கு அக்காவே வந்துச்சு. பல்லுலேர்ந்து தூள் எடுக்க நான் சொரண்டுற மெஷினைத் தட்டுனதும் என் கையப் புடிச்சிக்கிச்சு. வாய் வரைக்கும் வந்த ஜோக்க முழுங்கிட்டேன்.

"தம்பி, மெல்லப் பண்ணுப்பா. அதுல ஒண்ணு எங்கம்மாவோடது."

தெனமும் ஒரு போன்

பல்லு சின்ன வயசுல உருவாவுறப்ப சாப்ட்டதை அப்படியே வச்சிருக்கும். கம்பு, கேப்பை தின்னு வளந்தா கார்பன் ஒரு மாதிரி, அரிசின்னா வேற மாதிரி. அக்காவோட அம்மா ராமநாதபுரத்துல கம்பங்கூழ் குடிச்சு வளந்து, கல்யாணமாகி இங்க வந்தவங்க. பக்கத்துக் குழிக்காரங்க, எஸ்டேட்ல சொல்றபடி, இங்கயே பொறந்து சோறு தின்னவங்க. இதை அக்காவுக்குச் சொன்னதுதான் தப்பு. ரிசல்ட் வர வரைக்கும் தெனமும் காலைல போன்.

"என்னப்பா, எங்கம்மா வாயத் தொறந்தாங்களா?"

எலை

தொறந்தாங்க. ஒரு பல்லு சுத்தமா அரிசி. இடது பக்கத்துக் குழிப் பல்லுல கம்பு. "நூத்துக்கு நூறுன்னு எழுத மாட்டேன், ஆனா பொருந்துது"ன்னாங்க எங்க டாக்டர். ரிசல்ட் கேக்க லேபுக்கே வந்திருந்த அக்கா, அந்தக் கம்புப் பல்லை எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிச்சு. அப்பறம், "இத்தனை வருஷம் சோறு வச்சேனே, கூழு வைக்கலியே"ன்னு அழுதுச்சு.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. "அழாதக்கா, இனிமே ஒரு எலை போதும், வேலை மிச்சம்"னேன். அக்கா கண்ணத் தொடச்சிட்டு என்னை மொறைச்சுச்சு.

"போடா! இத்தனை வருஷம் சாப்பாடு போட்டுட்டு, இப்ப நீ யாரோன்னு எழுப்பி விடுவேனா? எங்கம்மாவுக்குக் கூழு, அவங்களுக்கு எப்பயும் போல சோறு."

கெமிஸ்ட்ரி கஷ்டப்பட்டு ஒரு ஆளைக் கழிச்சுக் குடுத்துச்சு, அக்கா வேணாம்னு திருப்பிக் குடுத்துருச்சு, நடுவுல நான் என்ன லா பண்றது.