சித்திரை வெயிலில் கானமயில் பார்க்கப் போனது

சித்திரைக் கடைசியில் ஒரு மாலை தென்காசியில் ரயிலேறினோம். சென்னை, ஜோத்பூர், பிறகு ஜெய்சல்மர். அங்குள்ள பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் போகவேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் சிப்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு அந்த மாதங்கள் ஏது? ஆனி, ஆடியில் சாரல் கூட்டம். கார்த்திகை பிறந்தால் தை வரை ஐயப்ப சாமிமார் கூட்டம். அருவி காய்ந்து, கடையில் ஈ ஓட்டுகிற சித்திரையில்தான் நான் பூட்டைத் தொட முடியும். ஊரார் ஓய்வெடுக்க வரும்போதெல்லாம் நான் வாணலி முன்னால் நிற்கிறேன்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். ஜெய்சல்மர் பக்கம் எல்லையில் இரண்டு கோடை நின்றிருக்கிறார். லீவில் வந்தால் வெயிலைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கானமயிலைப் பற்றித்தான் சொல்வார். பேரில்தான் மயில், இது வேறு, இடுப்பு உயரப் பறவையாம். ஒரு காலத்தில் நம் பக்கமும் இருந்ததாம். இப்போது அங்கேயே விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது. அது இல்லாமல் போவதற்குள் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

"மே மாசம் அங்கன போனா மண்ட வெடிச்சிரும்ட்டி. டிசம்பர்ல கடைய ஆள்ட்ட விட்டுட்டுப் போவோம்" என்றார்.

"ஆள்ட்ட விட்டா எண்ணெய் காந்திரும். நீங்க ரெண்டு மே மாசம் நின்னியளே, மண்ட வெடிச்சா போச்சு?" என்றேன். அவர் பெட்டியில் இரண்டு துண்டைக் கூடுதலாக வைத்தார்.

ஜெய்சல்மரில் காலை ஐந்து மணிக்கு ஜீப். வாடகை இரண்டாயிரம், சீசனில் இதைப்போல இரண்டு மடங்காம். நாற்பது கிலோமீட்டரில் சம் என்கிற ஊரின் மணல்மேடுகள். சுற்றுலாக் கூடாரங்களைப் பிரித்து மூட்டை கட்டியிருந்தார்கள். மணலில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. மேலும் இருபது கிலோமீட்டர் தாண்டினால் பூங்காவின் புல்வெளி. பாலைவனம் என்றால் முழுக்க மணல் என்று நினைத்திருந்தேன். காய்ந்த புல்லும் எருக்கும், நம் கோயில்களில் நிற்கிற அதே வன்னி மரமும்தான் கண்ணுக்கெட்டியவரை.

எட்டு மணிக்கே காற்று அடுப்படி அனலாக அடித்தது. பத்து மணிவரை சுற்றியும் பறவையைக் காணோம். ஓட்டுநர் இந்தியில் ஏதோ சொன்னார்.

"இது சீசன் இல்லையாம். டிசம்பர்ல வந்தா பாக்கலாம்னு சொல்லுதாரு" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "மே மாசம் அந்தப் பறவ எந்த ஊருக்குப் போகுதாம்? கேளுங்க."

கேட்டார். "எங்கயும் போவாதாம். இங்கனயேதான் கெடக்குமாம்."

"அப்ப நானும் இங்கனயேதான் கெடப்பேன்."

அதை இந்தியில் கேட்ட ஓட்டுநர் சிரித்துவிட்டு, ஜீப்பை ஒரு வன்னி மரத்தடியில் நிறுத்தினார். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நான் கொண்டுபோன நேந்திரம் சிப்ஸை மூவரும் தின்றோம்.

பதினொன்றரைக்கு ஓட்டுநர் கையை நீட்டினார். கூப்பிடு தூரத்தில், இன்னொரு வன்னியின் துளி நிழலில் கானமயில் நின்றது. வெள்ளைக் கழுத்து, கறுப்புத் தொப்பி வைத்தாற்போல் தலை. ஆடவில்லை, பறக்கவில்லை. வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தது. நிழல் நகர்ந்தபோது அதுவும் ஓரடி நகர்ந்து நின்றது.

"இப்படித்தாண்ட்டி நாங்களும் நின்னோம்" என்றார் வீட்டுக்காரர். இத்தனை வருஷத்தில் அவர் சொல்லாத சொல் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊர் திரும்பிய மறுநாள் கடையைத் திறந்தேன். மெயினருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், எண்ணெய் தேய்த்த தலையோடு பாறையை முறைத்துக்கொண்டு நின்றது.

"தப்பான நேரத்துல வந்துட்டோமாக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஆனியில வாங்க" என்று வருஷா வருஷம் சொல்லிப் பழகிய வாய் இது. அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தண்ணிதாம்மா போயிருக்கு. நாங்க இங்கனயேதான கெடக்கோம். உள்ள வந்து உக்காருங்க" என்றேன்.