நசுங்காத எலுமிச்சம்பழம்

புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளப்புவார்கள். என் அப்பாவின் பிழைப்பு அதற்கு நேர் எதிர். அவர் பிரேக் பார்த்துக் கொடுத்த வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கவே கூடாது.

சதுரங்கப்பட்டினத்தில் அப்பா பிரேக் மெக்கானிக். ஷெட் கிடையாது. எம்.எயிட்டி மொபெட்டில் கருவிப் பெட்டியையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, கார் நிற்கிற வீட்டுக்கே போய்விடுவார். தொண்ணூறுகளில் பக்கத்துக் குடியிருப்பில் இருந்த உத்தியோகஸ்தர்களுக்கு இது பெரிய வசதி. அம்மா எதற்கு என்றால், பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். அப்பா சக்கரத்தருகே படுத்துக்கொண்டு, "அமுக்கு... புடி... வுடு" என்பார். அம்மா டிரைவர் சீட்டில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெடலை மிதிப்பாள். "இன்னும் மெத்துனு கீதுய்யா" என்றால் வேலை பாக்கி. "கல்லாட்டம் கீது" என்றால் முடிந்தது. ஒரு காரைக்கூட ஓட்டியறியாத அம்மாவின் வலது காலுக்கு ஊரில் பாதிக் கார்களின் குணம் தெரியும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் இருவருக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நானும் போவேன்.

வேலை முடிந்ததும் சாலை நடுவே ஒரு எலுமிச்சம்பழம் வைப்பார் அப்பா. தூரத்திலிருந்து வேகமாக ஓட்டிவந்து, பழத்துக்குக் கொஞ்சம் முன்னால் டக்கென்று நிறுத்துவார். அப்புறம் இறங்கி, பழத்தை எடுத்துக் கார்க்காரர் கையில் கொடுத்து, "ஜூஸ் போட்டுக்கங்க சார்" என்பார். அந்த அல்டாப்புக்கு மட்டும் ஒரு குறைச்சலும் கிடையாது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அதில் மண் விழுந்தது. அப்பா பார்த்துக் கொடுத்த கார் ஒன்று, கொஞ்ச நாளிலேயே திருக்கழுக்குன்றத்தில் பிரேக் பிடிக்காமல் டீக்கடைக்குள் புகுந்துவிட்டது. பெஞ்சில் ஆள் இல்லாதது யார் செய்த புண்ணியமோ. பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதே என்று அந்தக் கார்க்காரர் வீட்டு டிரைவர் மீதியிருந்த இன்ஜின் ஆயிலை ஊற்றிவைத்ததும், அதில் உள்ளேயிருந்த ரப்பரெல்லாம் ஊதிப்போனதும் பல மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. அதையும் எங்கள் வீடு தேடி வந்து யாரும் சொல்லவில்லை. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்தக் காருக்கும் அம்மா "கல்லாட்டம் கீது" என்று சொல்லியிருந்தாள்.

அதன்பிறகு அப்பாவை ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். "என் கை போயிடுச்சு. பெட்டிய வித்துட்டு எங்கனா வாட்ச்மேனா போறேன்" என்று புலம்புவார்.

ஒருநாள், மாற்றலாகி வந்து சில நாட்களே ஆன ஓர் அதிகாரி ஆள் அனுப்பினார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. ஆனால் வேலை நடக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவர் காதில் ஓதிவிட்டார். வேலையை முடித்து அப்பா பழத்தை எடுத்தபோது அதிகாரியின் முகமே மாறியிருந்தது.

"வேணாம்ப்பா. நான் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறவன். எலுமிச்சம்பழத்துக்கு என்ன, உயிரா இருக்கு? வேற ஆள வெச்சுப் பாத்துக்கறேன்."

அப்பா பழத்தைத் திரும்பப் பெட்டிக்குள் போடப்போனார். அம்மா அவர் கையிலிருந்து பழத்தை வாங்கிக்கொண்டு, "நீ ஓட்டிக்கினு வாய்யா. சார் பாக்கட்டும்" என்றாள்.

அப்பா காரை எடுத்துக்கொண்டு சாலைக் கோடிக்குப் போனார். அம்மா என்னை ஓரமாக இழுத்து நிறுத்தினாள். காதுக் கம்மல் இரண்டையும் கழற்றினாள், மூக்குத்தியைக் கழற்றினாள், எல்லாவற்றையும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"கைய தொறக்காத. யாரு கேட்டாலும் குடுக்காத. பெரியம்மா கைலதான் குடுக்கணும், இன்னா?"

தலையாட்டினேன். பழத்தை வைக்கத்தான் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை நடுவுக்குப் போனவள் குனியவேயில்லை. பழத்தைக் கையில் பிடித்தபடி காரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

கார் அதற்குள் வேகம் பிடித்திருந்தது. "ஏம்மா! தள்ளு! தள்ளு!" என்று அதிகாரி கத்தினார். நான் மூடிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் வாய் பிளந்திருந்தது. ரப்பர் கருகும் வாடையோடு கார் கிறீச்சிட்டது. அம்மாவின் சேலைக் கொசுவத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அம்மா நேராக அதிகாரியிடம் போய்ப் பழத்தை நீட்டினாள். "ஜூஸ் போட்டுக்கங்க சார்." அந்த மனுஷனால் கை நீட்டவே முடியவில்லை. ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுத அப்பாவிடம் போய், "போயிடுச்சா உன் கை?" என்று கேட்டாள்.

பிறகு வேலைக்குக் குறைவில்லை. புருஷன் மேல் அப்படி ஒரு நம்பிக்கை என்று ஊரே அம்மாவைக் கொண்டாடியது. நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பீற்றிக்கொண்டேன். என் கல்யாணத்துக்கு அந்தக் கம்மலைத்தான் அம்மா போட்டுவிட்டாள். கண்ணாடி முன் அவள் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தபோது, பெரியம்மா கையில் கொடு என்று அவள் சொன்னது திடீரென்று காதில் கேட்டது. "அப்புறமா நான் வாங்கிக்கறேன்" என்று அவள் சொல்லவேயில்லை. கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அப்பாவிடம் பேசிவிட்டு அவள் திரும்பியதும் நான் ஓடிப்போய், வியர்த்திருந்த கையைத் திறந்து காட்டினேன். கம்மல், மூக்குத்தி, திருகாணி, எதுவும் தொலையவில்லை. அதைப் பார்த்ததும்தான் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நகை பத்திரமாக இருக்கிற சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.