மடங்காத இரண்டு விரல்கள்

என் அண்ணன் அம்புறோஸின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காது. என்றாலும் எங்கள் ஊரான அரிப்பின் கரையில் எந்தப் படகின் என்ஜின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கயிற்றை இழுக்கும் சத்தத்தைக் கேட்டே பிழை எங்கே என்று சொல்லிவிடுவார். ஸ்பானரை இடது கையால் பிடிப்பார். அது பிறவிப் பழக்கம் இல்லை.

2003 டிசம்பர், சமாதான காலம். அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. ஓ.எல். பொதுப் பரீட்சையில் கணக்கு எழுதப் போகிற வழியில், அகதியாகப் போயிருந்த புத்தளத்திலிருந்து ஊர் திரும்பியிருந்த சாஹுல் ஹமீட் நானாவின் படகு என்ஜின் கிளம்பாமல் கிடந்தது. பத்து நிமிட வேலைதான் என்று நினைத்த அண்ணன் வெள்ளைச் சேட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார். என்ஜின் கிளம்பிய நேரம் பரீட்சை மண்டபம் மூடியாயிற்று.

எங்கள் தகப்பன் பேதுரு, நாங்கள் அப்பு என்று கூப்பிடுபவர், பள்ளிக்கூடம் காணாதவர். கடல் தொழில் தன்னோடு முடியட்டும் என்று இருந்தவர். திருக்கை மீன் பிடிபட்டால் வாலை அறுத்துக் காயவைப்பார். ஒன்று வீட்டுக் கூரையில் செருகியிருக்கும். இன்னொன்றை, அண்ணனை அடித்துப் படிப்பிக்கச் சொல்லி, கணக்கு மாஸ்டரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். அன்று மத்தியானம் கூரையில் இருந்ததை உருவினார். திருக்கை வால் சவுக்குப்போல வளையும், அரம்போலத் தோலை உரிக்கும். வள்ளத்தடியில் வைத்து அடித்தார். முதுகு முழுக்க இரத்தம் கோடு கோடாக இறங்கியது. அண்ணன் அழவில்லை.

"என்ஜின் வேலை செய்யுது அப்பு. போய்க் கேட்டுப் பாருங்கோ."

அந்தப் பேச்சுத்தான் வினையாயிற்று. அப்பு வாலை எறிந்துவிட்டு அண்ணனின் காற்சட்டைப் பையிலிருந்த ஸ்பானரைப் பறித்தார். வலது கையை வள்ளத்தின் விளிம்பில் வைத்து, மணிக்கட்டை முழங்காலால் அமத்திக்கொண்டு அடித்தார். நண்டுக் காலை உடைப்பது போன்ற சத்தம் கேட்டது. அப்போதுதான் அண்ணன் கத்தினார்.

பக்கத்தில் நின்ற நான், யாரும் கேட்காமலே, ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். அப்பு மூச்சு வாங்கியபடி திரும்பினார்.

"பார்! தங்கச்சியைப் பார்! அவளுக்கு இருக்கிற அறிவு உனக்கு இருக்கோடா?"

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் அந்த வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கியது. ஆசையால் படித்தேனா, பயத்தால் படித்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இப்போது பள்ளிக்கூடத்தில் அதே கணக்கைத்தான் படிப்பிக்கிறேன்.

யுத்தம் திரும்பியதும், கல்யாணமாகாதவர்களை இயக்கத்துக்குப் பிடித்துப் போய்விடுவார்கள் என்ற பயத்தில், அண்ணனுக்கு அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அகதி முகாம்களில் தண்ணிப் பம்பும் ஜெனரேற்றரும் திருத்தியே இடது கையைப் பழக்கி எடுத்தார். ஊருக்கு வந்ததும் பட்டறை போட்டார். மகள் அன்ரோனெற் அதற்குள்தான் வளர்ந்தாள். நானே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தும், போன வருடம் ஓ.எல். கணக்கில் தவறிவிட்டாள்.

கணக்கில் தவறினாலும் உயர்தர வகுப்பில் தொழிற்பிரிவுக்குப் போகலாம். விண்ணப்பத்தில் தகப்பனின் கையெழுத்து வேண்டும்.

"நீங்கள் கேட்டா அப்பா ஓமெண்டுவார் மாமி," என்றாள்.

படிவத்தோடு பட்டறைக்குப் போனேன். அண்ணன் வாசித்துவிட்டு அதை என் மேல் எறிந்தார். கீழே விழுமுன் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குப் பட்டம், என்ர பிள்ளைக்கு ஒயிலோ?"

"அவளுக்கு விருப்பம் அண்ணை. கைவேலையில உங்களைப் போல…"

"என்னைப் போல! அரசாங்கக் கந்தோருக்குப் போனா என்னை 'டேய் என்ஜின்' எண்டு கூப்பிடுறாங்கள். உன்னைக் கண்டா 'வாங்கோ ரீச்சர்' எண்டு கதிரை இழுத்துப் போடுறாங்கள். அவள் திரும்ப எழுதட்டும். பாஸ் பண்ணுமட்டும் எழுதட்டும்."

அன்ரோனெற் கழற்றிய என்ஜினுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள்.

"நான் எழுதமாட்டன்."

அண்ணன் கூரைக்குள் கையை விட்டு ஒரு திருக்கை வாலை எடுத்தார். அப்புவின் வால் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. இது அண்ணன் தானே காயவைத்தது. அப்படி ஒன்று அங்கே இருந்தது எனக்குத் தெரியாது.

"கையை வை."

வலது கையை மேசையில் வைத்தாள். முதல் அடியிலேயே தோல் கிழிந்தது. கையை இழுத்தாள், ஆனால் ஓடவில்லை. இடது கையை அதே இடத்தில் வைத்தாள்.

"இதில அடியுங்கோ. மற்றது எனக்கு வேலைக்கு வேணும்."

அண்ணன் அடித்தார். வெறிபிடித்தவர்போல அடித்தார். மேசையில் கிடந்த நட்டுகளின் மேல் இரத்தம் தெறித்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவதற்கோ ஆறாவதற்கோ ஓங்கிய கை அப்படியே நின்றது. வாலைப் பழைய ஒயில் வாளிக்குள் எறிந்துவிட்டு, மகளின் கையைத் தன் கையில் எடுத்தார்.

"விரலை மடக்கு."

மடக்கினாள்.

"சுண்டுவிரல்?"

அதையும் மடக்கினாள்.

"மற்றது?"

ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். எல்லாம் மடங்கின. இரத்தத்தைத் தன் சேட்டு நுனியால் துடைத்துவிட்டு, திரும்பவும் முதல் விரலிலிருந்து தொடங்கினார்.

"பேனை இருக்கோ?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போதுதான் என் கைகளைக் கவனித்தேன். அவ்வளவு நேரமும் அவள் முன்னால் போய் நிற்காமல், அந்தப் படிவத்தைக் கசங்காமல், ஒரு துளி இரத்தம் படாமல், நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.