சொல்லாமல் வைத்த விருந்து

டென்மார்க்கின் வைலே நகரில், கோழித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவளுக்கு டுமகெத்தே என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் எல்லோருக்கும்தான் இருக்கிறது. ஆனால் அதைக் காலை ஆறு மணிக்கே பெல்ட்டில் கோழியோடு கோழியாகக் கொண்டுவந்து வைக்கிற ஒருத்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிலிப்பைன்ஸின் நடுவில் விசாயத் தீவுகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் ஒரு தீவின் கரையில் இருக்கிற சின்னப் பட்டினம் அது. கடலோரம் நீளத்துக்குப் பெரிய நிழல்மரங்கள், தெருவில் குதிரைவண்டி, அமெரிக்கர் வந்து தொடங்கிய சர்வகலாசாலை. பின்னேரமானால் ஊரே கடற்கரையில் நடக்குமாம். "எங்கடை ஊரிலை ஒருத்தரும் சத்தம் போட்டுக் கதைக்க மாட்டினம்" என்பாள், இயந்திரத்தையும் மீறிக் கத்திக்கொண்டு.

அவள் பேசியது டேனிஷ்தான். அரைகுறை டேனிஷ். என்னுடையது கால்குறை. இங்கே எழுதும்போது அவளை நான் எங்கள் ஊர்க்காரி ஆக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மன்னார். மனைவியும் மகனும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுக்க விண்ணப்பித்து இரண்டு வருடம் போய்விட்டது, ஒரு பதிலும் இல்லை. அந்தக் காலத்தில் தமிழர்கள் ஒருவரையொருவர் கண்டால் சுகம் விசாரிப்பதில்லை. "கடிதம் வந்ததே?" என்பதுதான் வணக்கம். அவளோ ஒரு டேனிஷ்காரரைக் கட்டிக்கொண்டு சில மாதத்தில் வந்து இறங்கியவள். "நீயும் ஒரு டேனிஷ்காரியைக் கட்டியிருக்கலாம்" என்று என்னைச் சீண்டுவாள்.

ஊர்ச் சண்டை எங்களுக்குள் ஓயவே ஓயாது. "உங்களுக்கு ஸ்பானியன் வேதம் கொண்டுவந்தான், எங்களுக்குப் போர்த்துக்கேயன் கொண்டுவந்தான். எல்லாம் ஒரே கடலாலை வந்த சாமான்தானே" என்று நான் சமாதானத்துக்குப் போவேன். அவள் விடமாட்டாள். முன்னொரு காலத்தில் தெற்கேயிருந்து கடற்கொள்ளைக்காரர் வந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். அதற்காகக் கோயிலுக்குப் பக்கத்தில் கடலில் வெட்டிய முருகைக்கல்லால் கோபுரம் எழுப்பி, கடலைப் பார்த்துக் காவலிருந்து மணி அடித்தார்களாம். மணி போதாமல், ஊரின் புனிதையே பீடத்தைவிட்டு இறங்கிக் கரைக்குப் போய் அவர்களை விரட்டினாளாம். மறுநாள் பார்த்தால் சுரூபத்தின் அங்கியெல்லாம் ஒட்டுப்புல்லாம்.

"உங்கடை மாதா எப்பவாவது புல்லு ஒட்டிக்கொண்டு வந்தவவோ?" என்று கேட்டாள்.

எங்கள் மன்னாரின் மடு மாதாவைப் பற்றி ஒருத்தி இப்படிக் கேட்க விடுவேனா? "எங்கடை மாதா இருக்கிறதே காட்டுக்கை. அவவுக்குப் புல்லு ஒண்டும் புதுசில்லை" என்றேன். பச்சை மீனைப் புளித்த வினாகிரியில் போட்டு அப்படியே தின்பார்கள் என்று அவள் பெருமையாகச் சொன்னபோது, "இன்னும் உங்கடை ஊருக்கு அடுப்பு வரேல்லையோ?" என்று கேட்டேன். மன்னாரில் கழுதைகள் தெருத்தெருவாகத் திரியும் என்று நான் எந்தக் கெட்ட நேரத்தில் வாயைவிட்டேனோ, அன்றிலிருந்து என்னோடு கோபம் வந்தால் கழுதைபோல் கத்திக் காட்டுவாள்.

அந்தப் புனிதையின் திருநாள் நவம்பர் கடைசியில் வரும். "சனிக்கிழமை எங்கடை ஊர்த் திருநாள். வீட்டிலை சமைக்கிறன்" என்றாள். வா என்று சொல்லவில்லை. நானும் "நல்லது" என்றேன். பிறகு அவளே விளங்கப்படுத்தினாள். அவர்கள் ஊரில் திருநாளுக்கு ஒருவரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைப்பார்கள். தெரிந்தவன், தெரியாதவன், அப்போதுதான் பஸ்ஸால் இறங்கியவன், எவனும் ஏறிவந்து சாப்பிடலாம். "ஒராளைக் கூப்பிட்டால், கூப்பிடாத ஆளுக்கு என்ன மரியாதை?" என்று கேட்டாள்.

நான் இருந்த வீட்டில் மூன்று ஆண்கள். மூவரும் குடும்பம் வருமென்று காத்திருந்தவர்கள். மூத்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை. அவரிடம் சொன்னேன்.

"உன்னை வரச் சொன்னவளோ?"

"இல்லை அண்ணை. ஆனா ஆரும் வரலாமாம்."

"வந்து சொல்லாத வீட்டிலை போய்ச் சாப்பிடுறதோ? அகதியெண்டாலும் எங்களுக்கொரு மானம் மரியாதை இல்லையோ?"

சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்கே, நேரில் வந்து சொல்லாமல் கார்ட் அனுப்பிவிட்டான் என்று போகாமல் விட்ட மனிதர். இறைச்சி வாட்டுகிறாளாம் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "சரி, அந்தப் பக்கமாச் சும்மா நடந்து பாப்பம்" என்றார்.

மூவரும் சும்மா நடந்தோம். அவள் வீட்டுக் கதவு அந்தக் குளிரிலும் ஆவென்று திறந்துகிடந்தது. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தோம். மேசை நிறையச் சாப்பாடு, ஒரு சனம் இல்லை. அழைப்பு விஷயத்தில் டேனிஷ்காரர்களும் நம்மாட்கள்தான். சொல்லாமல் தாய்வீட்டுக்கும் போகமாட்டார்கள். அவளுடைய புருஷன் வீட்டுக்குள்ளேயே ஓவர்கோட்டும் தொப்பியுமாக நின்றார். சூடெல்லாம் வெளியே போகிறதே என்று அவர் வந்து கதவைச் சாத்துவார். அவள் வந்து திறப்பாள். யாராவது வந்து கூப்பிடட்டும் என்று நாங்கள் நின்றோம். யாராவது ஏறி வரட்டும் என்று அவள் நின்றாள். அண்ணையின் மூக்கிலிருந்து நீர் வடிந்தது, மானம் மட்டும் அசையவில்லை.

கடைசியில் அவள் ஒரு கதிரையில் அமர்ந்து தலை குனிந்துகொண்டதை ஜன்னலால் கண்டேன். எனக்குத் தாங்கவில்லை. ஆட்கள் வராத வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியென்று எனக்குத் தெரியாதா? "வாங்கோ அண்ணை" என்று ரோட்டைக் கடந்தேன். இருவரும் பின்னால் வந்தார்கள்.

"இவ்வளவு நேரமும் எங்கை நிண்டனி?" என்று கேட்டாள்.

"முன்னாலைதான்."

"ஏன்?"

"நீ கூப்பிடேல்லை."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கழுதை" என்றாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது. புருஷன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். வாழையிலை கிடைக்காமல் அலுமினியத் தாளில் சுற்றி அவித்திருந்த அரிசிப் பலகாரத்தை, குழம்புபோல் தடித்த சொக்லேட்டில் தொட்டுத் தொட்டு அண்ணை சாப்பிட்ட வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மானம் மரியாதையெல்லாம் வாசலில் சப்பாத்தோடு கழற்றி வைத்துவிட்டார்.

புறப்படும்போது வராதவர்களுக்கும் பார்சல் கட்டிக் கொடுக்க வேண்டுமாம், அதுவும் அவர்கள் ஊர் வழக்கமாம். யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவி, பிள்ளைகள் எல்லோருடைய பங்கையும் அண்ணை கூச்சமில்லாமல் கட்டுவித்தார். பிறகு என் முறை.

"மனிசிக்கு?"

"இறைச்சி வை."

"மகனுக்கு? இனிப்போ, இறைச்சியோ? எது விருப்பம்?"

நான் வெளிக்கிட்டபோது அவனுக்குப் பல்லும் முளைக்கவில்லை. இப்போது நாலு வயது.

"தெரியாது" என்றேன்.

அவள் கேலி செய்யவில்லை. இரண்டையும் வைத்துக் கட்டினாள்.

அடுத்த நாள் லொட்ஜுக்கு டெலிபோன் எடுத்தேன். கடிதம் வந்ததா என்று மனைவி தொடங்குவதற்குள், "பிள்ளை என்ன விரும்பிச் சாப்பிடுறவன்?" என்று கேட்டேன்.

"இதென்ன புதுக் கேள்வி?" சிரித்தாள். "வாழைப்பழத்தைச் சீனியிலை தொட்டுத் தின்னுறார். ஒரு சீப்பையும் முடிச்சுப்போடுவார். வந்து பாருங்கோவன்."

வாய் தவறி வந்துவிட்ட சொல். நான் போக முடியாது, அவர்கள் வர முடியாது. இரண்டு பேருக்கும் அழுகைதான் வந்தது.

எங்கள் விண்ணப்பங்களை மந்திரியே வேண்டுமென்று கிடப்பில் போடுவித்திருந்தார் என்பதும், அது தமிழர் வழக்கு என்று பெயரெடுத்து, அதனால் இங்கே ஓர் அரசாங்கமே கவிழ்ந்ததும் பிற்பாட்டுக் கதை. "எங்களாலை ஒரு அரசாங்கம் விழுந்தது, தெரியுமோ?" என்று அண்ணை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்துவார்.

அரசாங்கம் விழுவதற்கு முன்பே, மகனுக்கு ஆறு வயதானபோது, ஒருநாள் மனைவியும் அவனும் வந்து சேர்ந்தார்கள். மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கிண்ணம் சீனியும் வைத்திருந்தேன். உரித்து, சீனியில் தொட்டு நீட்டினேன். மகன் வாங்கவில்லை, தாயின் முகத்தைப் பார்த்தான்.

"அதெல்லாம் சின்னனிலையப்பா" என்றாள் அவள்.